ஜன்னல் வைத்த கவர்

அமெரிக்காவில் ஒரு மெடிக்கல் பில்லிங் ஆபீசில் பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறேன். டாக்டர் நோயாளியைப் பார்த்து முடித்ததும் அந்த விசிட்டை எண்களாக மாற்றி இன்சூரன்சுக்கு அனுப்புவது என் வேலை. 90791 என்றால் மனநலத்துக்காக வந்தவரின் முதல் மதிப்பீடு. 90837 என்றால் ஒரு மணி நேர சைக்கோதெரபி, அதாவது பேசியே செய்யும் மனநல சிகிச்சை. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இந்த எண்களைத் தட்டுவேன். யார், எதற்காகப் போனார் என்று யோசித்ததே கிடையாது. யோசித்தால் வேலை ஓடாது.

போன வருஷம் மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்த கடிதங்களைச் சமையலறை மேடையில் வைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஜன்னல் வைத்த வெள்ளைக் கவர் ஒன்று, என் வீட்டுக்காரர் பெயருக்கு. இன்சூரன்ஸ் அவர் கம்பெனி வழியாக வருவதால் எல்லாம் அவர் பெயருக்குத்தான் வரும். அவர் எதையும் பிரிக்க மாட்டார், அது என் இலாகா. காய் நறுக்கும் கத்தியாலேயே கிழித்தேன். உள்ளே எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் பெனிஃபிட்ஸ், சுருக்கமாக ஈஓபி. எந்த வைத்தியத்துக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று இன்சூரன்ஸ் அனுப்பும் கணக்குத் தாள். மேலே 'இது பில் அல்ல' என்று கொட்டை எழுத்து. அதற்குக் கீழே என் மகள் பெயர். மூன்று வரிகள், மூன்று செவ்வாய்க்கிழமைகள். சான் டியாகோவில் ஒரு தெரபிஸ்ட் பெயர். பக்கத்தில் 'சைக்கோதெரபி, 60 மினிட்ஸ்'. எண் போடவில்லை, எழுத்தில்தான் இருந்தது. என் கண்ணுக்கு 90837 என்றே தெரிந்தது.

அவளுக்கு அப்போது 23 வயது. படிப்பு முடித்து சான் டியாகோவில் வேலையில் சேர்ந்திருந்தாள். நாங்கள் இருப்பது அதே கலிபோர்னியாவில், சான் ஓசேயில். அவள் கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸ் சுமார் ரகம் என்பதால் அப்பாவின் பிளானிலேயே இரு என்று சொன்னதே நான்தான்.

அடுத்து நான் செய்தது தப்பு. அரை மணி நேரம்கூடப் பொறுக்காமல் போன் போட்டேன்.

"கண்ணு, நீ நல்லா இருக்கியா? ஏதாவது பிரச்சினையா? அம்மாகிட்ட சொல்ல மாட்டியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "யாரு சொன்னா?" என்றாள். குரல் சின்னப் பிள்ளையில் திருட்டுத்தனம் பிடிபட்டால் வருமே, அந்தக் குரல். அவள் எந்தத் தப்பும் செய்யவில்லை. தனக்குச் சரியில்லை என்று தெரிந்து, தானே ஆள் தேடி, தானே போயிருக்கிறாள். பாராட்ட வேண்டிய இடத்தில் நான் விசாரணை நடத்தினேன்.

மே மாதம் அன்னையர் தினத்துக்கு வந்தபோதுதான் மீதிக் கதை தெரிந்தது. என் போனுக்குப் பிறகு ஆறு வாரம் அவள் தெரபிக்கே போகவில்லை. "ஒவ்வொரு தடவை போனாலும் வீட்டுக்கு லெட்டர் வரும்னா நான் எப்படிம்மா போறது? அப்பா பிரிச்சா?" என்று கேட்டாள். மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டாள், என்னைப் பார்க்காமல்.

எனக்கு அன்றுதான் உறைத்தது. ஈஓபி வீட்டுக்குப் போகும் என்பது எனக்குத் தெரியும். என் ஆபீசிலிருந்து இன்சூரன்சுக்குக் கிளம்பும் கிளெய்ம் ஒவ்வொன்றும் ஈஓபியாக யாரோ ஒருவர் வீட்டுத் தபால் பெட்டியில் போய் விழுகிறது என்பதும் தெரியும். ஆனால் அந்தப் பெட்டியைத் திறப்பவர் யார் என்று பதினொரு வருஷத்தில் ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

விஷயம் புரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். 2010ல் வந்த அஃபோர்டபிள் கேர் ஆக்ட் படி, பிள்ளைகள் 26 வயது வரை பெற்றோரின் பிளானில் இருக்கலாம். கல்யாணம் ஆகியிருந்தாலும், வேறு ஊரில் இருந்தாலும், வரிக் கணக்கில் நம் டிபென்டன்ட்டாக இல்லாவிட்டாலும் இருக்கலாம். இன்னொரு பக்கம், ஹிப்பா என்கிற தனியுரிமைச் சட்டம். அதன்படி 18 வயது ஆனதும் (ஒன்றிரண்டு மாநிலங்களில் 19) மருத்துவத் தகவல் அந்தப் பிள்ளையுடையது. பெற்றோர் கிளினிக்குக்குப் போன் போட்டால் 'உங்களிடம் பேச முடியாது' என்பார்கள். எத்தனை அப்பாக்களிடம் நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன்!

இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓட்டை. கிளினிக் வாயைத் திறக்காது. ஆனால் இன்சூரன்ஸ், பாலிசிதாரருக்குக் கணக்கு காட்ட வேண்டும் என்று ஈஓபி அனுப்பும். யாரிடம் போனாள், எந்தத் தேதியில், என்ன சேவை, டாக்டர் கேட்டது எவ்வளவு, இன்சூரன்ஸ் கொடுத்தது எவ்வளவு, கையிலிருந்து கட்ட வேண்டியது எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். நோயின் பெயர் பொதுவாக இருக்காது. அது எதற்கு? தெரபிஸ்ட் பெயரும் சேவையின் பெயரும் போதாதா?

ஈஓபியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேலையில் இருப்பதால் சொல்கிறேன், பார்க்காத வைத்தியத்துக்கு வந்த கிளெய்ம், இரண்டு தடவை போட்ட பில், எல்லாம் பிடிபடுவது அந்தத் தாளால்தான். யாருக்கு அனுப்புகிறார்கள் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு வழி ஹிப்பாவிலேயே இருக்கிறது. கான்ஃபிடென்ஷியல் கம்யூனிகேஷன்ஸ் ரிக்வெஸ்ட். என் விஷயமான கடிதங்களையெல்லாம் என் முகவரிக்கு, என் ஈமெயிலுக்கு அனுப்புங்கள் என்று உறுப்பினரே எழுதிக் கேட்பது. கேட்க வேண்டியது பிள்ளைதான், பாலிசிதாரர் இல்லை. அவர் கையெழுத்தும் வேண்டாம்.

மகள், இன்சூரன்ஸ் கார்டின் பின்னால் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். "முகவரியை பாலிசிதாரர்தான் மாற்ற முடியும்" என்றார்கள். சரி என்று வைத்துவிட்டாள். அங்கேதான் பெரும்பாலான பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். முகவரி மாற்றம் வேறு, இது வேறு. மறுபடி அழைத்து, மேலே சொன்ன அந்தப் பெயரை அப்படியே உச்சரித்து, பிரைவசி ஆபீசுக்கு இணைக்கச் சொல் என்றேன். இரண்டாவது தடவை ஃபாரம் எங்கே கிடைக்கும் என்று சொன்னார்கள்.

எங்களுக்கு இன்னொரு சிக்கலும் இருந்தது. கலிபோர்னியாவில் இதற்கென்றே நல்ல சட்டம் இருக்கிறது. 2015லிருந்து அமலில் இருந்ததை 2022 ஜூலை 1 முதல் இன்னும் இறுக்கினார்கள். மனநலம், பாலியல் நலம், கருத்தடை, போதைப் பழக்க சிகிச்சை போன்ற விஷயங்களில் பிள்ளை கேட்காவிட்டால்கூடத் தகவல் பிள்ளையின் பெயருக்குத்தான் போக வேண்டும். தனி முகவரி கேட்டால் மின்வழியிலோ போனிலோ வந்த கோரிக்கைக்கு 7 நாள், தபாலில் வந்ததற்கு 14 நாள் கெடு. காரணம் கேட்கக் கூடாது. பிறகு எப்படி அந்தக் கவர் என் வீட்டுக்காரர் பெயருக்கு வந்தது?

பிளான் புத்தகத்தை எடுத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. அவர் கம்பெனியின் பிளான் செல்ஃப் ஃபண்டட், அதாவது வைத்தியச் செலவைக் கம்பெனியே தன் பணத்தில் கொடுக்கும். இன்சூரன்ஸ்காரர்கள், கல்யாணத்தில் சமையல் கான்டிராக்டர் மாதிரி. பந்தி பரிமாறுவது அவர்கள், கார்டில் இருப்பதும் அவர்கள் பெயர்தான், ஆனால் அரிசி வாங்கிய பணம் கம்பெனியுடையது. பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் இப்படித்தான் வைத்திருக்கும். இந்த வகைப் பிளான்களை 1974ல் வந்த எரிசா என்கிற மத்தியச் சட்டம் ஆள்கிறது, மாநில இன்சூரன்ஸ் சட்டங்கள் இவற்றைக் கட்டுப்படுத்தாது. ஒரேகன், வாஷிங்டன், மேரிலாந்து, மாசசூசெட்ஸ் என்று பல மாநிலங்களில் இதே மாதிரி பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் எந்த மாநிலத்தில் இருந்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, நம் பிளான் செல்ஃப் ஃபண்டடா என்பதுதான். சம்மரி பிளான் டிஸ்கிரிப்ஷன் என்ற புத்தகத்தில் இருக்கும், எச்ஆரில் கேட்டாலும் சொல்வார்கள். பிள்ளை கேட்பதைவிடப் பெற்றோர் கேட்பது சுலபம். நான் செய்த ஒரே உருப்படியான உதவி அதுதான்.

ஆக எங்களுக்கு மிஞ்சியது ஹிப்பா மட்டும். அதில் ஒரு நிபந்தனை உண்டு. கிளினிக்கிடம் 'இந்த நம்பருக்கு மட்டும் போன் பண்ணுங்கள்' என்று சொன்னால் அவர்கள் ஏன் என்று கேட்கக் கூடாது. ஆனால் இன்சூரன்ஸ், 'இந்தத் தகவல் வெளியே போனால் எனக்கு ஆபத்து' என்று எழுதித் தரச் சொல்லலாம். விவரம் சொல்ல வேண்டியதில்லை, அந்த ஒரு வரி போதும்.

ஃபாரத்தை லேப்டாப்பில் திறந்து வைத்துக்கொண்டு அந்தக் கட்டத்துக்கு முன்னால் மகள் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்.

"நம்ம வீட்டுக்கு ஒரு லெட்டர் வந்தா எனக்கு ஆபத்துன்னு எப்படிம்மா எழுதறது? நீங்க என்ன என்னை அடிக்கவா போறீங்க?"

எனக்கும் சுருக்கென்றது. எங்கள் வீட்டை ஆபத்து என்று ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியின் கோப்பில் எழுதுவதா? நல்ல வீடு என்று நம்பிக்கொண்டிருக்கிறவர்கள் நாங்கள். ஆனால் அந்த ஆறு வாரம் ஞாபகம் வந்தது. அதில் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை என்று அவளே சொல்லியிருந்தாள்.

"அந்த லெட்டரால நீ ஆறு வாரம் போகாம இருந்தியே, அது என்ன? டிக் பண்ணு" என்றேன்.

டிக் செய்தாள். ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வர மூன்று வாரம் ஆனது. அந்த இடைவெளியில் இன்னொரு கவர் இங்கே வந்தது. பிரிக்காமல் எடுத்து வைத்தேன். கஷ்டமாகத்தான் இருந்தது. ஜன்னல் வழியாக ஏதாவது தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

தபால் நின்றால் எல்லாம் நின்றுவிடும் என்று நினைத்தோம். ஆகஸ்டில் நான் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கும்போது போன் அதிர்ந்தது. பார்மசி ஆப். மகளின் பெயரின் முதல் மூன்று எழுத்தைப் போட்டு 'உங்கள் மருந்து தயார்' என்றது. சின்ன வயதில் அவள் இருமல் மருந்துக்காக என் நம்பரில் திறந்த கணக்கு! சங்கிலிக் கடை என்பதால் சான் டியாகோ கிளையிலும் அதே கணக்குதான். சைக்கியாட்ரிஸ்ட் எழுதிய மருந்து என் கைக்கு வந்து நிற்கிறது.

அன்று இரவு இருவரும் வீடியோ காலில் உட்கார்ந்து எங்கெல்லாம் ஒழுகுகிறது என்று தேடினோம். பார்மசி கணக்கிலிருந்து என்னை நீக்கி அவள் நம்பரைப் போட்டாள். இன்சூரன்ஸ் வெப்சைட்டில் அவளுக்குத் தனி லாகின் இல்லவே இல்லை. அப்பாவின் கணக்கில் 'குடும்ப உறுப்பினர்கள்' என்று தட்டினால் அவளுடைய கிளெய்ம்களும் வரிசையாக வந்தன. தபாலை மாற்றிவிட்டு வெப்சைட்டை மறந்திருந்தோம். மறுபடி போன், மறுபடி காத்திருப்பு, அதையும் மறைக்கச் சொன்னாள். முதலிலேயே அவர்களிடம் ஒரே கேள்வியில் எல்லாவற்றையும் கேட்டிருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்: தபால், ஈமெயில், ஆப்பில் வரும் அறிவிப்பு, வெப்சைட்டில் தெரியும் கிளெய்ம், நான்கும் மாறுமா என்று. இன்னொன்று, தெரபிஸ்டின் ஆபீசில் அவள் கொடுத்திருந்த கார்டு அப்பாவின் கிரெடிட் கார்டின் துணைக் கார்டு. மாதா மாதம் ஸ்டேட்மென்டில் ஆபீஸ் பெயர் முழுசாக வந்திருக்கிறது. அதை நான் கவனிக்கவே இல்லை, நல்லவேளை.

இன்சூரன்சே வேண்டாம், கையிலிருந்தே கட்டிவிடலாமா என்று அவள் ஒரு கட்டத்தில் கேட்டாள். வழி உண்டு. ஒரு சேவைக்கு முழுப் பணத்தையும் தானே கட்டிவிட்டு, 'இதை இன்சூரன்சுக்குச் சொல்லாதீர்கள்' என்று எழுதிக் கொடுத்தால் கிளினிக் கேட்டே ஆக வேண்டும். 2013லிருந்து அது கட்டாயம். ஆனால் விசிட்டுக்கு முன்பே சொல்ல வேண்டும். எங்கள் ஆபீசில் டாக்டர் குறிப்பை மூடிய அன்று இரவே கிளெய்ம் பறந்துவிடும், போனதைத் திரும்ப இழுக்க முடியாது. கிளினிக்கில் சொன்னால் லேபுக்கும் பார்மசிக்கும் தெரிந்துவிடும் என்றும் இருக்காதீர்கள். ரத்தப் பரிசோதனைக்குத் தனி கிளெய்ம், மருந்துக்குத் தனி கிளெய்ம், ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகச் சொல்ல வேண்டும். கட்டிய பணம் டிடக்டபிளில், அதாவது இன்சூரன்ஸ் கொடுக்கத் தொடங்குமுன் நாம் கட்டித் தீர்க்க வேண்டிய தொகையில், சேராது. தானே கட்டுகிறவர்களுக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்ற விதி 2022லிருந்து இருக்கிறது, இன்சூரன்ஸ் இருந்தும் அதைப் பயன்படுத்தாதவர்களுக்கும் அது பொருந்தும். கேட்டு வாங்குங்கள். ஒரு தடவை மட்டும் போகிற பரிசோதனை என்றால் இது நல்ல வழி. வாராவாரம் தெரபி என்றால் கட்டுப்படியாகாது. மகளின் தெரபிஸ்ட் ஒரு மணிக்கு 200 டாலர். இன்சூரன்ஸ் வழியாக அவள் கொடுத்தது 30.

கருத்தடை, பால்வினைத் தொற்றுப் பரிசோதனை போன்றவற்றுக்கு மத்திய அரசு நிதியில் நடக்கும் டைட்டில் டென் கிளினிக்குகள் என்று 1970லிருந்தே உண்டு. வருமானத்துக்கு ஏற்ற கட்டணம், ரகசியம் காப்பது அவர்களுக்கு விதி. எங்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் இதைப் படிக்கும் யாருக்காவது வீட்டில் நிஜமாகவே ஆபத்து இருந்தால், முதலில் அங்கே போவது நல்லது.

நவம்பரில் என் வீட்டுக்காரர் அடுத்த வருஷத்துப் பிளானைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தார். வருஷத்துக்கு ஒரு நாள் அவர் இன்சூரன்ஸ் பக்கம் திரும்பும் நாள். குடும்ப டிடக்டபிளில் எவ்வளவு கழிந்திருக்கிறது என்ற தொகை திரையில் இருந்தது. கிளெய்ம்களை மறைக்கலாம், மொத்தத் தொகையை மறைக்க முடியவில்லை.

"நம்ம யாருக்கும் ஒண்ணும் ஆகலையே, இது எப்படி இவ்வளவு ஏறிச்சு?"

இந்தக் கேள்வி வரும் என்று மகளும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம். பொய் சொல்ல மாட்டேன், விவரமும் சொல்ல மாட்டேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன்.

"பெரியவ டாக்டர்கிட்ட போறா. நல்லா இருக்கா. எதுக்குன்னு சொல்லணும்னு தோணினா அவளே சொல்லுவா."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். தெரிஞ்ச விதம் சரியில்லை."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். பணம் கட்டுகிற எனக்குத் தெரிய வேண்டாமா என்று ஒரு தடவை கேட்டார். எவ்வளவு என்பது தெரிந்துவிட்டதே, எதற்கு என்பது அவளுடையது என்றேன். கொஞ்ச நேரம் மவுஸை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு அவர் கேட்டது வேறு: "நாளைக்கு ஆக்சிடென்ட் ஆகி ஆஸ்பத்திரியில கிடந்தா அப்பவும் நமக்குச் சொல்ல மாட்டாங்களா?"

நியாயமான பயம். பல பெற்றோர் பிடிவாதம் பிடிப்பதே இதனால்தான். பிள்ளை நினைவிழந்த நிலையில் இருந்தால், அவளுக்கு நல்லது என்று தோன்றுகிற அளவுக்குக் குடும்பத்திடம் பேச டாக்டருக்கு ஹிப்பாவே இடம் தருகிறது. அதற்கு மேல் உறுதி வேண்டுமென்றால் அட்வான்ஸ் ஹெல்த் கேர் டைரக்டிவ் எழுதி வைக்கலாம். கலிபோர்னியாவில் இரண்டு சாட்சிகள் கையெழுத்து அல்லது நோட்டரி போதும், வக்கீல் தேவையில்லை. தனக்கு முடியாதபோது முடிவெடுக்க யார் என்று அதில் பெயர் போடலாம். மகள் கிறிஸ்துமஸ் லீவில் வந்து எழுதினாள். என் பெயரை முதலாவதாகப் போடுவாள் என்று நினைத்தேன், அப்பா பெயரைப் போட்டாள். நான் இரண்டாவது. காரணம் கேட்கவில்லை, அந்த அளவுக்குத் தேறியிருந்தேன்.

26 முடியும் மாதத்தை இப்போதே காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். அப்பாவின் பிளான் நின்றால், தன் கம்பெனியின் பிளானில் சேரக் குறைந்தது 30 நாள் கிடைக்கும், அரசு நடத்தும் இன்சூரன்ஸ் சந்தையான மார்க்கெட்பிளேஸில் வாங்க 60 நாள். தெரபிஸ்ட் அந்தப் பிளானில் இருக்கிறாரா என்று இப்போதே விசாரிக்கிறாள்.

ஜனவரியில் சின்னவனுக்கு 18 ஆனது. பிறந்தநாள் கேக் மீதி மேஜையில் இருக்கும்போதே அவனை லேப்டாப் முன்னால் உட்கார வைத்தேன். இன்சூரன்சில் தனி லாகின், பார்மசியில் தனிக் கணக்கு, குழந்தை டாக்டரின் போர்டலில் என் பெயரை எடுப்பது, ஃபாரம் எங்கே இருக்கிறது என்று காட்டுவது. அவனுக்குக் காய்ச்சல்கூட இல்லை. "இப்ப எதுக்கும்மா இதெல்லாம்?" என்று சலித்துக்கொண்டான். தேவைப்படும்போது நீ என்னிடம் வந்து கேட்க மாட்டாய், அதனால்தான் என்றேன்.

பாஸ்வேர்ட் போடும் இடம் வந்தது. கையை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "அந்தப் பக்கம் திரும்புங்க" என்றான். திரும்பிக்கொண்டேன்.